சத்தியம் செய்ய மறுத்தவர்

(கல்லூரி உயிரியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'முல்லர்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரைப் பற்றிய பேச்சு என்று நம்பி யாராவது வந்திருந்தால் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இவர் ஃபிரிட்ஸ் முல்லர். மாக்ஸ் முல்லரைவிட ஒரு வயது மூத்தவர், உறவினர் அல்லர். ஜெர்மனியில் முல்லர் என்ற பெயர் நம் ஊரில் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இரண்டு முல்லர்களும் சொந்த மண்ணை விட்டுப் போனவர்கள்தான். மாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பேராசிரியர் ஆனார். ஃபிரிட்ஸ் பிரேசில் காட்டுக்குப் போய்க் கோடாரி எடுத்தார். இன்று இரண்டாமவருடைய கதை.

1822 மார்ச் 31ஆம் தேதி, எர்ஃபுர்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா புராட்டஸ்டன்ட் பாதிரியார். அம்மாவின் அப்பா டிரோம்ஸ்டோர்ஃப், அந்தக் காலத்தில் ஜெர்மனி முழுக்கப் பெயர்பெற்ற மருந்தியல் அறிஞர். ஆக வீட்டின் ஒரு பக்கம் வேதாகமம், மறுபக்கம் வேதியியல். பையன் முதலில் மருந்துக் கடையில் தொழில் பழகினான். அது பிடிக்காமல் பல்கலைக்கழகத்துக்குப் போனான். 1844இல் பெர்லினில் அட்டைகளைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினான். அட்டை என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இந்த மனிதர் வாழ்நாள் முழுக்கப் பார்த்ததெல்லாம் மற்றவர்கள் முகம் சுளித்துத் தாண்டிப் போன ஜீவன்களைத்தான்.

பட்டம் கிடைத்த பிறகும் ஓர் ஆசை மிச்சம் இருந்தது: வெப்பமண்டல நாடுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். கையில் பணமில்லாதவன் அங்கே போக அன்று இருந்த சுலபமான வழி கப்பல் மருத்துவர் வேலை. அதற்காக கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மருத்துவம் படித்தார். படிப்பை முடித்தும்விட்டார். பட்டம் வாங்கும் நேரத்தில்தான் சிக்கல் வந்தது.

பிரஷ்ய அரசின் விதிப்படி, புதிய மருத்துவர் கடவுளின் பெயராலும் புனித நற்செய்தியின் பெயராலும் உறுதிமொழி எடுக்க வேண்டும். முல்லருக்கு அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்றார். யூத மாணவர்களுக்கு வேறு வாசகம் இருந்தது. அதையாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். இவரும் முடியாது என்றார். மருத்துவப் பட்டம் அங்கேயே நின்றுபோனது.

நண்பர்களே, ஒரு வரிதானே? மனசுக்குள் வேறு நினைத்துக்கொண்டு வாயால் சொல்லிவிட்டுப் போனால் என்ன? இந்த அரங்கில் இருக்கும் நாம் எல்லோரும் எத்தனை படிவங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்! ஆனால் தான் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்ல அந்த இளைஞரால் முடியவில்லை. பிடிவாதம் என்று அவர் வீட்டார் நினைத்திருப்பார்கள். அவர் செய்த அறிவியல் முழுவதற்கும் இந்தப் பிடிவாதமே அடிப்படை என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி எழுந்து அடங்கியது. முல்லர் புரட்சியின் பக்கம் நின்றவர். அது தோற்ற பிறகு, கடவுளையும் மறுத்து அரசனையும் எதிர்த்த ஒருவருக்கு பிரஷ்யாவில் அரசு வேலை ஏது? வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காலம் தள்ளினார். அந்தச் சமயத்தில் ஹெர்மன் புளூமெனாவ் என்ற ஜெர்மானியர், தெற்கு பிரேசிலில் சான்டா கத்தரினா மாகாணத்தில், இட்டஜாய் ஆற்றங்கரையில் 1850இல் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கியிருந்தார். முதலில் போய் இறங்கியவர்கள் 17 பேர். 1852இல் முல்லர், மனைவி கரோலினையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, தம்பி ஆகஸ்டின் குடும்பத்தோடு ஹம்பர்க்கில் கப்பல் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தார். இன்னொரு தம்பி ஹெர்மன் ஜெர்மனியிலேயே தங்கிப் பள்ளி ஆசிரியரானார். பூவும் பூச்சியும் ஒன்றுக்கொன்று எப்படி உதவுகின்றன என்ற ஆய்வில் பின்னாளில் பெரும்பெயர் எடுத்தவர் அவர்.

அங்கே என்ன இருந்தது? காடு. முனைவர் பட்டம் பெற்றவர் மரம் வெட்டினார், குடிசை கட்டினார், கிழங்கும் சோளமும் நட்டார், வெறுங்காலோடு நடந்தார். நாலு வருடம் விவசாயக் கூலி போலத்தான் வாழ்க்கை.

இந்த இடத்தைப் பலர் வீரக்கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஆளில்லாத காடு அல்ல. ஷொக்ளெங் என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, உணவு சேகரித்து வாழ்ந்த நிலம். குடியேற்றங்கள் பெருகப் பெருக அவர்கள் விரட்டப்பட்டார்கள். பிறகு அவர்களைக் கொல்வதற்கென்றே கூலிக்கு ஆள் வைத்து வேட்டையாடிய கொடுமையும் நடந்தது. பிரஷ்யாவில் இடம் மறுக்கப்பட்டவருக்கு, இன்னொருவரிடமிருந்து பறித்த நிலத்தில்தான் இடம் கிடைத்தது. முல்லரை மதிக்கிறவன் நான். ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் புகழக் கூடாது. பின்னாளில் அவர் வரி வரியாக எழுதிவைத்த அந்தக் காட்டின் ஒரு துண்டை அவரே வெட்டிச் சாய்த்தார் என்பதும் உண்மை.

1856இல் மாகாணத் தலைநகர் டெஸ்டெர்ரோவில் ஆசிரியர் வேலை கிடைத்தது. இன்றைய ஃபுளோரியானோபோலிஸ் நகரம்தான் அது. கணக்கும் இயற்கை அறிவியலும் கற்பித்தார். பல ஆண்டுகள் கழித்து அதே ஊரில் மீண்டும் ஆசிரியராக இருந்தபோது அவரிடம் படித்தவர்களில் ஒருவர் குரூஸ் இ சோசா. அடிமையாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினச் சிறுவன்; பிரேசிலின் மிகப் பெரிய குறியீட்டியக் கவிஞர்களில் ஒருவராக வளர்ந்தார். நாட்டில் அடிமைமுறை 1888 வரை சட்டப்படி நீடித்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டெர்ரோ ஒரு தீவில் இருக்கிறது. சுற்றிலும் கடல். பள்ளிக்கூட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் முல்லர் கடற்கரையில்தான். நண்டு, இறால், புழு, இழுதுமீன். ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகங்களில் இருந்த விலங்கியலாளர்களுக்கு இவையெல்லாம் சாராயப் புட்டிக்குள் செத்து வெளுத்து வந்து சேர்ந்தன. முல்லருக்கு உயிரோடு, ஓடுவதும் சண்டை போடுவதும் முட்டை பொரிப்பதுமாகக் கிடைத்தன. நூலகம் இல்லை, சக ஆய்வாளர் இல்லை, அதெல்லாம் குறைதான். ஆனால் புட்டிக்குள் இருக்கும் நண்டு எப்படி மூச்சு விடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாதே!

1861இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவர் கைக்கு வந்தது. ஐரோப்பாவில் அப்போது அந்தப் புத்தகத்தை வைத்துப் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. பாதிரிமார் ஒரு பக்கம், பேராசிரியர்கள் ஒரு பக்கம். முல்லர் இரண்டு பக்கமும் சேரவில்லை. பைபிளின் பேரால் சத்தியம் செய்யாதவர் டார்வின் பேரால் மட்டும் செய்வாரா? புத்தகத்தில் சொல்லியிருப்பது சரியானால், எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உயிர்க் கூட்டத்தில் அது பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் தவறு. வாருங்கள், பார்த்துவிடலாம் என்று தொடங்கினார். எடுத்துக்கொண்டது நண்டு, இறால் வகையறாவை. அந்த ஆய்வு 1864இல் லைப்சிக்கில் சின்னப் புத்தகமாக வெளிவந்தது. தலைப்பு, 'டார்வினுக்காக'.

அதிலிருந்து ஒன்றிரண்டு சொல்கிறேன். மெரினா மணலில் வளை தோண்டி, காலடி கேட்டதும் மின்னல் மாதிரி ஓடி மறையுமே ஒரு நண்டு, அதன் இனம் பிரேசில் கரையிலும் உண்டு. அலையாத்தி மரங்களில் ஏறி இலை தின்னும் வேறொரு நண்டும் அங்கே உண்டு. இரண்டும் தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றைச் சுவாசிக்கின்றன. நண்டின் செவுள் ஓட்டுக்கு அடியில் ஓர் அறைக்குள் இருக்கிறது. தண்ணீரில் வாழும் நண்டுக்கு அந்த ஏற்பாடு போதும். நிலத்துக்கு வந்தால் அறைக்குள் காற்றுப் போக வழி வேண்டும்.

முல்லர் இப்படி யோசித்தார். எல்லா நண்டுகளையும் ஒரே படைப்பாளி ஒரே திட்டப்படி செய்திருந்தால், காற்றைச் சுவாசிக்கும் நண்டுகளுக்கெல்லாம் ஒரே மாதிரி வழி வைத்திருப்பார். டார்வின் சொல்வது போல, தண்ணீரில் இருந்த வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாக, தனித்தனிக் காலத்தில் கரையேறியிருந்தால், ஒவ்வொன்றும் தனக்குக் கைவந்த வழியைத்தான் கண்டுபிடித்திருக்கும். நண்டுகளைப் பிடித்து வந்து பார்த்தார். மணல் நண்டுக்குக் கால்களின் அடிப்பகுதியில், மூன்றாவது இணைக்கும் நான்காவது இணைக்கும் இடையே, மயிர் அடர்ந்த ஒரு துளை. மரமேறும் நண்டோ ஓட்டின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கி, கடைசிக் கால்களுக்கு மேலே இடைவெளி உண்டாக்கிக் காற்று வாங்குகிறது. வழிகள் வேறு வேறு. முதல் தேர்வில் டார்வின் பாஸ்.

இன்னொன்று இறால். கொட்டலசு போன்ற சிற்றுயிர்கள் முட்டையிலிருந்து மூன்று இணைக் கால், ஒற்றைக் கண் கொண்ட நுண்ணிய குஞ்சாக வெளிவரும். நாப்ளியஸ் என்று பெயர். நண்டு, இறால் போன்ற மேல்வகைகளில் அந்தப் பருவமே கிடையாது என்றுதான் அன்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒரே மூதாதையின் வழி வந்திருந்தால் எங்காவது ஓர் இறாலில் பழைய தடம் மிஞ்சியிருக்க வேண்டுமே? தேடினார், கிடைத்தது. நாப்ளியஸ் பருவத்தைக் கடந்து வளரும் இறாலை டெஸ்டெர்ரோ கடலில் கண்டுபிடித்தார். இன்று மரக்காணம் பக்கத்தில் இறால் குஞ்சு பொரிப்பகம் வைத்திருப்பவர்கள் 'நாப்ளி' என்று சொல்லி எண்ணி வாங்குகிறார்களே, அதே பருவம்தான்.

டார்வினுக்குப் புத்தகம் கிடைத்தது. 1865 ஆகஸ்டில் முதல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத் தொடர்பு டார்வின் இறந்த 1882 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. டார்வின் தன் சொந்தச் செலவில் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்து 1869இல் லண்டனில் வெளியிட வைத்தார். 1880இல் இட்டஜாய் ஆற்றில் பெருவெள்ளம் வந்து முல்லரின் உடைமைகள் போய்விட்டன என்று கேள்விப்பட்டதும், புத்தகங்களும் கருவிகளும் வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புகிறேன் என்று தம்பி ஹெர்மன் மூலம் சொல்லி அனுப்பினார். முல்லர் நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டார்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. கரு வளர்ச்சியில் மூதாதையரின் வரலாறு தெரிகிறது என்று முல்லர் சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: குஞ்சுகளும் பிழைக்கப் போராடுகின்றன, அதனால் அந்தப் பதிவு அழிகிறது, திரிகிறது, பொய்யாகவும் ஆகிறது என்றார். எர்ன்ஸ்ட் ஹெக்கெல் இந்தக் கருத்தை வாங்கிக்கொண்டு பெரிய விதியாக அறிவித்தார். உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் ஏறியது ஹெக்கெலின் விதி. முல்லரின் எச்சரிக்கை பின்னால் தள்ளப்பட்டது. அந்த விதி பின்னாளில் அடிபட்டதற்கான காரணங்களில் ஒன்று, முல்லர் முன்னமே சொல்லிவைத்த விஷயம்தான்.

டெஸ்டெர்ரோ பள்ளி இயேசு சபைத் துறவிகள் கைக்குப் போனதும் முல்லருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. சத்தியம் செய்யாதவருக்கு மறுபடியும் கதவடைப்பு. 1867இல் இட்டஜாய்க் கரைக்கே திரும்பினார். கடல் போய்க் காடு வந்தது. ஆள் சளைக்கவில்லை.

மரக்கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசிக் குடும்பச் செடிகளின் இலைக் கிண்ணத்தில் மழைநீர் தேங்கும். அந்த ஒரு கை நீரில் வாழும் நுண்ணிய ஓடுடைய உயிரைக் கண்டு விவரித்தார். அதே நீரில் வளரும் ஒருவகைப் பூச்சியின் கூட்டுப்புழுவுக்குக் காலில் நீந்தும் மயிர் இல்லை. ஓடையில் வாழும் அதன் உறவினங்களுக்கு உண்டு. கிண்ணத்து நீரில் நீந்தி எங்கே போவது? தேவையில்லாதது மறைந்துவிட்டது. இதை டார்வினுக்கு எழுதினார். டார்வின் அதை 1879இல் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளியிட்டார். சில ஆர்க்கிட் பூக்களில் அதே செடியின் மகரந்தத்தை வைத்தால் அது விஷம் போலப் பூவையே கருக்கிவிடுகிறது என்று கண்டார். செக்ரோபியா மரத்தின் உள்ளீடற்ற தண்டில் குடியிருக்கும் எறும்புகளுக்கு மரமே வெள்ளை மணிகளாக இரை சுரந்து கொடுப்பதைப் பார்த்தார். அந்த மணிகளுக்கு இன்றும் முல்லர் பெயர்தான்.

இவற்றையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டேன். ஒன்றில் மட்டும் நின்று பேச வேண்டும், அது வண்ணத்துப்பூச்சி.

1862இல் ஹென்றி பேட்ஸ் அமேசான் காட்டுப் பூச்சிகளை வைத்து ஒன்று சொன்னார்: பறவைக்குப் பிடிக்காத கசப்புப் பூச்சியைப் போல் வேஷம் போட்டு, கசப்பில்லாத பூச்சி தப்பிக்கிறது. சரி. ஆனால் இரண்டுமே கசப்பான பூச்சிகள் ஒன்றுபோல் இருக்கின்றனவே, அது எதற்கு? கசப்புக்கு வேஷம் எதற்கு? பேட்ஸிடம் பதில் இல்லை.

முல்லர் 1878, 1879 ஆண்டுகளில் பதில் சொன்னார். பறவைக் குஞ்சு எது கசப்பு என்று தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. கொத்திப் பார்த்துத்தான் கற்கிறது. அந்தப் பாடத்துக்குப் பூச்சிகள் உயிரைக் கொடுக்கின்றன. பிறகு கணக்கு வாத்தியாராகக் கணக்குப் போட்டார். ஒரு வட்டாரத்தில் கசப்பான இனம் ஒன்று 10,000 பூச்சி, இன்னொன்று 2,000. ஒரு தோற்றம் கசப்பு என்று கற்க, குஞ்சுகள் 1,200 பூச்சிகளைக் கொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வேறு தோற்றம் என்றால் ஒவ்வொன்றும் 1,200ஐ இழக்கும். ஒரே தோற்றம் என்றால் மொத்த இழப்பே 1,200தான்; பெரிய இனம் 1,000, சிறிய இனம் 200. பெரிய இனத்துக்கு மிச்சம் 200 உயிர், நூற்றுக்கு 2. சிறிய இனத்துக்கு மிச்சம் 1,000 உயிர், நூற்றுக்கு 50. இருவருக்கும் லாபம், சிறியவனுக்கு 25 மடங்கு லாபம். எண்ணிக்கையில் 5 மடங்கு வித்தியாசம், லாபத்தில் அதன் வர்க்கம்.

ஒரு பக்கத்தில் அடங்கும் கணக்கு. இயற்கைத் தேர்வை இப்படி எண்ணாக வைத்து யோசித்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கூட்டங்கூட்டமாகப் பறந்துபோகும் நீல வரியனையும் கருநீல வரியனையும் பிரித்துச் சொல்ல நீங்கள் திணறுகிறீர்களே, அதற்கான விளக்கம் இட்டஜாய் ஆற்றங்கரையில் எழுதப்பட்டது. முல்லர் போலி என்ற பெயரில் உங்கள் பாடத்தில் இருக்கிறது, தேர்வுக்கு வரும்.

கடைசிப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1876இல் ரியோ தேசிய அருங்காட்சியகம் அவரைப் பயண இயற்கையியலராக நியமித்தது. பிரேசில் குடியரசான பிறகு, அந்தப் பதவியில் இருப்பவர்கள் ரியோவிலேயே வசிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டைப் பார்க்க வேண்டியவன் தலைநகரில் உட்கார்ந்து என்ன செய்வது? மறுத்தார். 1891இல் வேலை போனது; அப்போது அவருக்கு 69 வயது. பல்கலைக்கழகங்களின் மதிப்புறு பட்டங்கள் வந்திருந்தன: பானிலிருந்து 1868இல், டூபிங்கனிலிருந்து 1877இல். அவர் ஜெர்மனிக்குத் திரும்பிப் போகவில்லை. 1897 மே 21 அன்று, அந்த இட்டஜாய்க் கரைக் குடியேற்றமான புளூமெனாவில் இறந்தார். உறவினரான ஆல்ஃபிரட் மோலர் அவருடைய கட்டுரைகளையும் கடிதங்களையும் திரட்டி 1915 முதல் 1921 வரை வெளியிட்டார். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு அமர்கிறேன். 1877இல் முல்லர் 'நேச்சர்' இதழுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அவர் ஊரில் ஒரு லன்டானா செடி. நம் ஊர் உண்ணிச்செடியின் இனம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் அதே உண்ணிச்செடிதான். அதன் பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. வண்ணத்துப்பூச்சிகள் மஞ்சளுக்கு வருகின்றன. சில ஆரஞ்சையும் தொடுகின்றன. ஊதாவை எதுவும் தொட்டு அவர் பார்க்கவில்லை. நம் ஊர்ச் செடியிலும் பூ நிறம் மாறுகிறது. உங்கள் கல்லூரி மதிலுக்கு வெளியே போதுமான அளவு வளர்ந்திருப்பதை வரும் வழியில் பார்த்தேன். ஒரு காலைப் பொழுது அதன் முன்னால் உட்காருங்கள். எந்தப் பூச்சி, எந்த நிறப் பூவில், எத்தனை முறை என்று நோட்டில் குறியுங்கள். 'டார்வினுக்காக' புத்தகத்தின் ஆங்கில வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் படியுங்கள். முல்லர் சொன்னதற்கும் உங்கள் நோட்டில் இருப்பதற்கும் ஒத்துவராவிட்டால், உங்கள் நோட்டை ஆசிரியரிடம் காட்டுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.